வல்லூறு உட்காரும் பாறை

அன்புள்ள நெர்மீன் அக்காவுக்கு,

உங்களுக்கு அமைதி உண்டாகட்டும். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள், உங்கள் கணவரிடம்கூட. படித்ததும் எரித்துவிடுங்கள். தெரிந்தால் அண்ணன் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவான். காலையில் என் தோழி வஃபியா இதை உங்கள் கையில் சேர்ப்பாள்.

போன வாரம் கடலோரப் பாறையில் எனக்கு வல்லூறைக் காட்டினீர்களே. "ஸ்பெயினில் கோபுரத்தின்மேல் பார்த்தேன், கென்யாவில் ஏரிக்கு மேலே பார்த்தேன், ஆனால் இவ்வளவு கிட்டத்தில் இதுதான் முதல் தடவை" என்றீர்கள். தொலைநோக்கியில் அதன் மஞ்சள் கால் விரல்கள்கூடத் தெரிந்தன. அந்தச் சந்தோஷத்தில் சாப்பிடும்போது வீட்டில் சொல்லிவிட்டேன்.

அதிய்யா பெரியப்பா மெல்லுவதை நிறுத்தினார். "எந்தப் பாறைடா கண்ணு? பெரியப்பாவுக்குச் சொல்லு" என்றார். அதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. சொன்னேன்.

மறுநாள் அண்ணன் ஹமத் துணியில் சுற்றிய ஒரு சின்ன வல்லூறை என் மடியில் வைத்தான். அது பொறிக்காக. அதன் இமைகளைப் பாதி தைத்துவிட்டால் தூரம் பறக்காது. காலில் சுருக்குகள் வைத்த இறகுக் கட்டு தொங்கும். இரை கொண்டு போகிறது என்று நினைத்துப் பெரிய வல்லூறு பிடுங்க வந்து மாட்டிக்கொள்ளும். "பள்ளிக்கூடத்துல தையலுக்குப் பரிசு வாங்குனவளாச்சே, தை பார்ப்போம்" என்று சிரித்தான். மாட்டேன் என்றேன். பெரியப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஊசி இமைக்குள் போனபோது அது கத்தவில்லை. வாயைத் திறந்து மூச்சு மட்டும் விட்டது. பயத்தில் என் பாவாடையில் கழிந்தது. அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டே இருந்தது. முடிந்ததும் அம்மா தையலைக் குனிந்து பார்த்து, "எவ்வளவு நேர்த்தியா இருக்கு" என்றாள். பெரியப்பா கை கழுவாமலே தட்டிலிருந்த இறைச்சியில் கொழுப்புத் துண்டொன்றைப் பிய்த்து என் வாயில் ஊட்டினார். வெளியே போய் வாந்தி எடுத்தேன். அந்த ருசி இன்னும் போகவில்லை. அவர்கள் பாசமாகப் பேசினால்தான் இப்போது எனக்கு அதிகமாகக் குமட்டுகிறது.

உங்கள் வல்லூறு நேற்று மாட்டியது. வேட்டைக்கு வல்லூறு வாங்கும் வளைகுடாக்காரர் ஒருவரின் ஆள் வந்து, இறக்கையை விரித்துப் பார்த்து, துணிப்பையில் திணித்துக்கொண்டு போய்விட்டான். சின்னதைத் தையலோடு குப்பையில் எறிந்தார்கள். நான் எடுக்கப் போவதற்குள் பூனை இழுத்துப் போயிற்று.

வெள்ளிக்கிழமை நீங்கள் பறவை பார்க்க வெளிநாட்டு விருந்தினர்களை அழைத்து வருவது வீட்டில் தெரியும். "கூடவே போ. அவங்க எங்க எங்க அந்தத் தூரம் பாக்குற குழாயைத் திருப்புறாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லு. உன் கல்யாணத்துக்கும் ஆகும்" என்கிறார் பெரியப்பா. நான் போய்த்தான் ஆக வேண்டும். வந்ததும் கேட்பார்கள். எனக்கு அடி தாங்காது அக்கா, சொல்லிவிடுவேன்.

அதனால் வராதீர்கள். நாளை இரவு அண்ணனின் போனிலிருந்து உங்களைக் கூப்பிடுவேன். அவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். நான் சிரித்துப் பேசி, வேறு எங்கெல்லாம் வல்லூறு பார்த்தீர்கள் என்று கேட்பேன். தயவுசெய்து பொய் சொல்லுங்கள். எல்லாம் கடல் தாண்டிப் போய்விட்டன என்று சொல்லுங்கள். நான் அழுது கேட்டாலும் நம்பாதீர்கள். இனி ஒருபோதும் எனக்கு எந்தப் பறவையையும்

கதவைத் தட்டுகிறார்கள்