போஸ்டரில் உன் பைத்தியக்கார வேஷம்

மாப்ள,

டீக்கடைச் சுவரில் பசை வாடை இன்னும் போகவில்லை. போன வாரத்திலிருந்து நீ அங்கே நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்கிறாய். கழுத்தில் சிகரெட்டு அட்டை மாலை, தலையில் ஓட்டைச் சட்டி, ஒரு கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை. அந்த வேஷத்தை நீ கலைத்துப் பத்து வருசத்துக்கு மேல் ஆகிறது. செத்த பிறகு திரும்பவும் போட்டுவிட்டார்கள்.

எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். கடைக்காரரிடம் கேட்டேன், "என்னய்யா போட்டிருக்கு?"

"சிரிப்புச் சக்கரவர்த்திக்குக் கண்ணீர் அஞ்சலின்னு போட்டிருக்கு பெரியவரே. பைத்தியமா வந்து பட்டிதொட்டியெல்லாம் சிரிக்க வச்சவருன்னு இருக்கு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. அடியில ஒங்க நாடகத்து ராஜபார்ட்டு பேரு பெருசா இருக்கு. என் படத்த விட ஒங்க பேருதான் பெருசுன்னு செத்தவரு எந்திரிச்சு வந்தா கேக்கப் போறாரு."

"பசுமலையில அவன் பாத்த வைத்தியத்தப் பத்தி ஒரு எழுத்தாவது இருக்கா?"

இல்லை என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதை என் பேத்தி எழுதுகிறாள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வருகிறவள், கெட்ட வார்த்தை வருகிற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். அதையெல்லாம் விட்டுவிடு தாயி என்று சொல்லியிருக்கிறேன். எங்கெங்கே விட்டிருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். நீ சேர்த்துப் படித்துக்கொள்.

அவள் நாடகம் பார்த்தவள் இல்லை. நாடகத்தில் நான் ஆல்ரவுண்டு என்றால், அது என்ன தாத்தா என்கிறாள். மேடை ஓரத்தில் டோலக்கு, தாளத்தட்டு, ஊதல், தகர டப்பா என்று சுற்றிலும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். பபூன் ஒரு பேச்சைப் பேசி நிறுத்தினால் அந்த இமைப்பில் 'டபக்' என்று ஒரு அடி கொடுக்க வேண்டும். முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது. அந்த அடி விழுந்தால்தான் இங்கே சிரிக்க வேண்டும் என்று சனத்துக்குத் தெரியும். உன் பேச்சுக்குப் பழகியது போல வேறு எவன் பேச்சுக்கும் என் கை பழகவில்லை.

நீ இடது காலை இழுத்துக்கொண்டு வருவாய். விரல்களை மூஞ்சிக்கு நேரே விரித்து வைத்து வெறித்துப் பார்ப்பாய். பிறகு ஆளே இல்லாத பக்கம் திரும்பி, "வாங்க மச்சான், ஒக்காருங்க" என்பாய். நான் அடிப்பேன். ஊரே உருளும். உசிலம்பட்டிப் பக்கமிருந்தெல்லாம் அந்த நடைக்காகவே தேதி கேட்டு வந்தார்கள்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருசம், பேரையூருக்குத் தெற்கே ஒரு ஊர்த் திருவிழா. நாம் தங்குவதற்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்து விட்டிருந்தார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சாய்ந்திருந்தோம். விழாக் கமிட்டி ஆட்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். இடுப்பில் கயிறு கட்டிய ஒரு இளவட்டத்தை இழுத்து வந்து உன் முன்னால் நிறுத்தினார்கள். அதுதான் ராசு.

"அண்ணே, இது எங்க ஊரு அசல். ராத்திரி நீங்க நடக்கும்போது இவனையும் பக்கத்துல ஏத்தி விடுறோம். எது அசல், எது நகல்னு சனம் சொல்லட்டும்."

ராஜபார்ட் படுத்தபடியே குலுங்கிச் சிரித்தார். "பாத்துக்க மாப்ள, ஒனக்குப் போட்டிக்கு ஆளு வந்திருச்சு!"

அந்த நேரத்தில்தான் ராசுவின் ஆத்தா வெயிலில் ஓடி வந்து சேர்ந்தாள். கமிட்டிக்காரர்களை நாலு வார்த்தை கேட்பாள் என்று நினைத்தேன். அவர்கள் பக்கமே திரும்பவில்லை. உன்னையே பார்த்தாள்.

"அய்யா, நீங்கதானே அந்தப் பைத்தியமா வாரவுக?"

நீ தலையை ஆட்டினாய்.

"போன வருசம் பக்கத்து ஊருல பாத்தேன். அம்புட்டும் இவனேதான். கைய வெறிக்கிறது, ஆளில்லாத பக்கம் பேசுறது, ஒக்காரச் சொல்லுறது எல்லாம். உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம அப்படிச் செய்ய முடியாதுய்யா. எனக்குச் சொல்லுங்க. இவன் யார ஒக்காரச் சொல்லுறான்? அவுக இவன வையிறாகளா? அடிக்கிறாகளா?"



"எனக்குத் தெரியாதும்மா" என்றாய்.

அவள் நம்பவில்லை. "தெரியாமலா அம்புட்டுச் சனம் சிரிக்குது?" என்றாள்.

அன்றைக்கு மேடையில் நீ அந்த நடையை நடக்கவில்லை. சனம் மண்ணை வாரி எறிந்தது. என் டோலக்குக்குள் புகுந்த மண்ணைத் தட்ட எனக்கு இரண்டு நாள் ஆனது. மறுநாள் பஸ் திருமங்கலம் தாண்டும்போது வாயைத் திறந்தாய்.

"மாமா, நான் இனிமே வரல."

"எங்க வரல?"

"மேடைக்கு."

"பங்குனி, சித்திரை ரெண்டு மாசத்துக்கும் தேதி குடுத்தாச்சுடா! என்னைய என்ன பண்ணச் சொல்ற?"

"அந்தம்மா கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல மாமா."

"அது எவனுக்குடா தெரியும்?"

"தெரிஞ்சவுக இருப்பாக. போய்க் கேக்குறேன்."

நான் திட்டிய திட்டில் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைக்காதே. கேட்க மாட்டேன். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் என் கையை ஒடித்துப் போட்டுவிட்டுப் போனவன் நீ. அதற்குப் பிறகு வந்த பபூன்களுக்கு அடித்து அடித்து என் அடியே கெட்டுப்போனது.

பசுமலைப் பக்கம் ஒரு டாக்டரம்மா மனநோய்க்காரர்களுக்கு இடம் நடத்தினார். நீ அங்கே போய் முதலில் வாசலில் பெயர் கூப்பிடுகிற வேலை பார்த்தாய். நம் கூட்டத்தில் பி.யூ.சி. படித்தவன் நீ ஒருத்தன்தான். டாக்டரம்மா படிக்க வைத்தார். பிறகு உனக்கென்று ஒரு அறை, இரண்டு நாற்காலி. மருந்து அவர் கொடுப்பார், பேச்சு உன் பொறுப்பு. இங்கே டீக்கடையில் ராஜபார்ட் என்ன சொன்னார் தெரியுமா? "வேஷம் போட்டுப் போட்டு அசலாவே ஆயிட்டான்யா. பாவம், ஆஸ்பத்திரியிலயே தங்கிட்டான்." அப்போதும் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு என் அடி தேவைப்படவில்லை.

உன்னைத் திரும்பக் கூட்டி வர வேண்டும் என்று ஒருநாள் வரிந்து கட்டிக்கொண்டு பசுமலைக்கு வந்தேன். வாசல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உசிலம்பட்டிக்காரர் ஒருத்தர் உன் அறைக்குள் நுழைந்தார். கதவைச் சாத்துவதற்குள் அவர் குரல் வெளியே கேட்டது, "அட, நம்ம பபூனு!" அப்புறம் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் அது அழுகையாக மாறியது. பொண்டாட்டி செத்ததிலிருந்து தூக்கம் வரவில்லை என்று பெஞ்சில் என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். நீ வெளியே வந்ததும் கேட்டேன், "ஒன் மூஞ்சியப் பாத்தாலே சிரிக்கிறாக, இதுல நீ என்னத்தடா வைத்தியம் பாக்குற?"

"சிரிச்சு முடிக்கட்டும் மாமா. அதுக்கப்புறந்தான் ஆரம்பம். அதோட, பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு ஊருல சொல்ல முடியாதவுக, பபூனப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு வாராகல்ல?"

அதே பெஞ்சின் மறுகோடியில் ராசு உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் அவன் ஆத்தா. நீயே அவர்கள் ஊருக்குப் போய்க் கூட்டி வந்திருக்கிறாய். அவன் இடுப்பில் கயிறு இல்லை. அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"தம்பி பதில் சொல்லிட்டாருய்யா" என்றாள். "இவன் ஒக்காரச் சொல்லுறது இவனப் பெத்த அய்யாவயாம். கெணத்துல விழுந்து செத்துட்டாருய்யா, அவரு நின்னுக்கிட்டே பேசுறாராம் இவன்கிட்ட. காலு வலிக்கும்னு ஒக்காரச் சொல்லுறான்."

எனக்கு அந்த நிமிசம் வந்த கோபம் இன்றுவரை இறங்கவில்லை, மாப்ள. எத்தனை ஊரில், எத்தனை திருவிழாவில், "வாங்க, ஒக்காருங்க" என்ற பேச்சுக்குச் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது!

ராசு என் பக்கம் திரும்பி, "அய்யாவுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். நான் உடனே, "அதுக்கென்னடா, எல்லாஞ் சரியாப் போகும்" என்றேன். அவன் வாயை மூடிக்கொண்டான். நீ என்னைத் தள்ளிக் கூட்டிப் போய் வேப்பமரத்தடியில் வைத்துச் சிரித்தாய்.

"மாமா, ஒங்க கை இன்னும் அடங்கல. பேச்சு நின்ன ஒடனே அடிக்கிறீக. மேடையில பேச்சு நின்னா முடிஞ்சு போச்சு. இங்க நின்னா பாதிதான் வந்திருக்கு."

உன்னைக் கூட்டி வரப் போனவன் தனியாகத் திரும்பி வந்தேன்.

இத்தனை பேர் பேச்சையும் கேட்டாயே, உன் நெஞ்சு வலிப்பதை யாரிடமாவது சொன்னாயா? மூன்று நாள் மென்று முழுங்கிவிட்டு நாற்காலியிலேயே சாய்ந்திருக்கிறாய். இந்த இடத்தில் பேத்தி பேனாவை நிறுத்திவிட்டாள். சரி, போகட்டும்.

நேற்றுச் சாயங்காலம்தான் நாடக நடிகர் சங்கத்தின் அஞ்சலிக் கூட்டம். பெரியவர் அடித்தால்தான் நல்லா இருக்கும் என்று என்னைக் கூட்டிப் போய் மேடை ஓரத்தில் டோலக்கோடு உட்கார வைத்தார்கள். ராஜபார்ட் மைக்கைப் பிடித்து அழுதார். ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டான் என்று சொன்ன அதே வாய். கீழே கடைசி வரிசையில் ராசுவும் அவன் ஆத்தாவும் உட்கார்ந்திருந்தார்கள். செங்கல் சூளை வேலையில் ஒட்டிய செம்மண் அவன் காலில் அப்படியே இருந்தது. முழுசாகக் குணம் என்று சொல்ல மாட்டேன். அவனுடைய அய்யா இன்னமும் எப்போதாவது வருகிறார். ஆனால் அவன் உழைத்துச் சாப்பிடுகிறான்.

பிறகு, உன் நினைவாக, உன் நடையையே நடக்கப் போகிறேன் என்று புதுப் பபூன் ஒருத்தன் வந்தான். சிகரெட்டு அட்டை மாலை, ஓட்டைச் சட்டி எல்லாம் அப்படியே. காலை இழுத்தான், விரலை வெறித்தான், ஆளில்லாத பக்கம் திரும்பினான். "வாங்க மச்சான், ஒக்காருங்க!"

நான் அடிக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

சனத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. யாரோ இருமினார்கள். அவன் என்னைப் பார்த்துவிட்டு, மறுபடியும் நடந்து, இன்னும் சத்தமாகச் சொன்னான். நான் அடிக்கவில்லை. "அடிங்க பெரியவரே!" என்று ராஜபார்ட் ஓரத்திலிருந்து பல்லைக் கடித்தார்.

அப்போது ராசு எழுந்து, சனத்துக்கு நடுவே நடந்து, மேடைக்குக் கீழே வந்து நின்றான்.

"அண்ணே, யாரு வந்திருக்காக? ஒங்க அய்யாவா?" என்று கேட்டான். "பயப்படாதீக. பசுமலையில கேட்டுக்கிருவாக. நான் கூட்டிட்டுப் போறேன்."

சனம் சிரித்தது. நான் அடிக்காமலே சிரித்தது, மாப்ள. முன்வரிசையில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ராஜபார்ட்டின் ஆட்கள் சிரித்தார்கள்.

தாளத்தட்டை எடுத்து என் பலம் முழுவதையும் கூட்டி ஒரே அடி அடித்தேன். மைக்கு கிரீச்சிட்டது. சிரிப்பு அறுந்தது.

"ராசு கேட்டதுக்கு எவனாவது பதில் சொல்லுங்கடா!" என்று கத்தினேன். "இந்தக் கேள்விக்குப் பதில் தெரியலன்னுதாண்டா அவன் இந்த மேடைய விட்டு எறங்கிப் போனான். பத்து வருசம் அதைத்தாண்டா தேடிக்கிட்டு இருந்தான். அவன் படத்துக்கு மாலை போடுறீங்களே, எவனுக்காவது தெரியுமாடா?"

புதுப் பபூன் மட்டும் தலையிலிருந்த சட்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இல்ல தம்பி, இங்க யாரும் வரல. சும்மா நடிச்சேன்" என்று ராசுவிடம் மெதுவாகச் சொன்னான். அந்தப் பபூன் பிழைத்துக்கொள்வான்.

கடைசி பஸ் போய்விட்டதால் ராசுவும் அவன் ஆத்தாவும் என் வீட்டில்தான் தங்கினார்கள். இப்போதும் ராசு என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான். இந்தக் கடுதாசி உனக்குத்தான் என்று சொன்னேன். டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணன் என்னைய..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான்.

பேத்தி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். எனக்குக் கை துடிக்கிறது. ஏதாவது சொல்லி முடித்துவிடலாம் என்று நாக்கு முன்னே வருகிறது. உன்மேல் உள்ள கோபம் அத்தனையும் இந்தக் கையில்தான் இருக்கிறது.

தொடையோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கிறேன். அவன் பேச்சு இன்னும் முடியவில்லை, மாப்ள.