டெபாசிட் போன மறுநாள்

காலையிலேயே தெருமுனையில் போஸ்டர் ஒட்ட மைதாப் பசை காய்ச்சுகிறார்கள். மறுபடியும் தேர்தல். அந்த வாடை ஜன்னல் வழியே வந்ததும் உன்னைத்தான் நினைத்தேன்.

நாகர்கோவிலில் ஒரே கல்லூரியில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். நீ பொருளியல், நான் கணிதம். இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் உன் ஊர்க் குளத்தை மண்ணடித்து மனையாக்கத் தொடங்கினார்கள். மனு எழுதி எழுதி அலுத்துப்போய், ஒருநாள் பேராசிரியர் வேலையை ராஜினாமா செய்தாய். சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கப்போவதாகச் சொன்னாய்.

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? பென்ஷன் வேண்டாமா?"

"குளம் போன பிறகு பென்ஷனையா வயலுக்குப் பாய்ச்ச?" என்றாய்.

வேட்புமனு தாக்கல் செய்ததும் ஒரு கட்சிக்காரர் உன் வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். "டீச்சர், நீங்க படிச்சவங்க. இதெல்லாம் உங்களுக்கு ஒத்துவராது. வாபஸ் வாங்குங்க, நல்ல பதவி ஒண்ணு பாத்துத் தாறோம்." நீ சாயா கொடுத்தாய். அவர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, "மண்ணடிக்கிறவங்கள குளத்த விட்டுட்டுப் போவச் சொல்லுங்க, நான் வாபஸ் வாங்குதேன்" என்றாய். அவர் அப்புறம் வரவில்லை.

கடற்கரை ஊர் ஒன்றில் ஆட்டோவில் நின்று நீ பேசும்போது, மாடியிலிருந்து ஒருவன் கத்தினான்: "காலேஜ்ல பாடம் நடத்துனா போதாதா டீச்சர்?"

"நான் நடத்துன பிள்ளையளெல்லாம் கல்ஃபுக்குப் போயாச்சு மக்கா. இனி உனக்குத்தான் நடத்தணும், இறங்கி வா!"

கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான். ஓட்டுதான் விழவில்லை.

டெபாசிட் போயிற்று. வாக்கு எண்ணிய இடத்துக்கு வெளியே பட்டாசு வெடிக்க, நான் அழுதேன். நீ என் தோளை உலுக்கினாய். "தோத்தது நானாக்கும், குளம் தோக்கல்ல. காலையில குளத்துக்கு வந்திரு."

வந்தேன். மண் லாரியை மறித்து நீ நின்றிருந்தாய். நடவுக்குப் போன பெண்கள் வந்து உன்னோடு நின்றார்கள். அவர்களில் பலர் உனக்கு ஓட்டுப் போடாதவர்கள். "ஓட்டு வேற, வயலுக்குப் பாயுத வெள்ளம் வேற டீச்சர்" என்றாள் ஒருத்தி. லாரிகள் திரும்பின. நீ போட்ட வழக்கு இழுத்தது. பாதிக் குளம் மனையாகிவிட்டது. மீதிப் பாதியில் இன்றும் தண்ணீர் கிடக்கிறது. அதை நம்பி வயல் இருக்கிறது.

புற்றுநோய் உன்னைக் கொண்டுபோன அன்று, நம்மோடு வேலை பார்த்த ஒருவர், "பாவம், வாழ்க்கைய வீணாக்கிட்டா" என்றார். "அந்த வயலப் பாத்துட்டு வந்து சொல்லுங்க சார்" என்றேன்.

போன வாரம் அந்த மீதிக் குளத்தின் வழியே சாலை போடக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. நான் எழுந்து பேசத் தொடங்கியதுமே அதிகாரி, "நேரமாச்சு, உட்காருங்கம்மா" என்றார். வகுப்பறைக்கு வெளியே குரலெடுத்துப் பேசியறியாதவள் நான். ஆனாலும் நான் உட்காரவில்லை.