அரிச்சுவடியின் கடைசிப் பக்கம்

அக்டோபர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

சைகால் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. மாடு சினையாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை வேன் ஓட்டும் மைராம்பெக் அண்ணனிடம் கொடுக்கிறேன். அவர் தங்கை பிஷ்கெக்கிலிருந்து மாஸ்கோவுக்குக் கிளம்பும் யாரிடமாவது கொடுத்தனுப்புவாளாம்.

நான் போனில் பேசுவதில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நம் ஊரில் சிக்னல் கடை வாசலில்தான் கிடைக்கிறது. அங்கே எப்போதும் யாராவது நிற்கிறார்கள். நான் "ம்" என்று சொன்னால்கூட, "என்னடி, அம்மா அழுதாளா?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தாளில்தான் பேச்சு வருகிறது.

மீரிம் முதல் வகுப்புக்குப் போகிறாள். காலையில் வெள்ளை ரிப்பன் கட்டிவிடுகிறேன். பூட்ஸ் நாடாவை மட்டும் அவள் யாரையும் தொட விடுவதில்லை. நீ கிளம்புவதற்கு முந்தின வாரம் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாயே, அதே மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு தானே கட்டுகிறாள்.

சைரா டீச்சர் பெற்றோரை எல்லாம் கூப்பிட்டுப் பேசினார். நான்தான் போனேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். "பள்ளிக்கூடத்துல பாதிதான். மீதி உங்க வீட்டு அடுப்புப் பக்கத்துல நடக்கணும். தினமும் பக்கத்துல உக்காந்து படிக்க வைங்க. சனிக்கிழமை டைரில கையெழுத்துப் போடுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ போன வருஷம் வரைக்கும் இங்கதான இருந்தே? ஒன்பதாவதோட நின்னுட்டியே" என்றார். நான் குனிந்துகொண்டேன்.

டைரியில் உன் கையெழுத்தைத்தான் போடுகிறேன். கடைசியில் ஆட்டு வால் மாதிரி ஒரு சுழி போடுவாயே, அது எனக்கு நன்றாக வந்துவிட்டது.

தண்ணீர், வறட்டி, மாடு, சமையல் எல்லாம் முடித்துப் புத்தகத்தை எடுக்கும்போது எனக்கே எழுத்துகள் நடுங்குகின்றன. ஆனாலும் விடவில்லை. நீ சொன்னது நினைவிருக்கிறது. வசந்தத்தில் பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி விழா. மீரிம் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டால் நீ திரும்பி வருவாய், இலையுதிர் காலத்தில் நான் நாரின் நகரத்துக்கு நர்ஸ் படிப்புக்குப் போகலாம். இதை மீரிமிடமும் சொல்லியிருக்கிறேன். தெரிந்தால் ஆசையாகப் படிப்பாள் இல்லையா.

உன் மகள்,
சைகால்

•

நவம்பர் 20

என் கண்ணு சைகாலுக்கு,

கடிதம் கிடைத்தது. கசங்கிப்போய் வந்தது, ஆனால் நம் வீட்டுப் புகை வாசனை போகவில்லை. என்னோடு தங்கியிருக்கும் பெண்களுக்கும் முகரக் கொடுத்தேன்.

நான் நன்றாக இருக்கிறேன். உயரமான ஒரு கட்டடத்தில் படிக்கட்டு துடைக்கிறேன். குளிர்காலத்தில் எல்லோர் பூட்ஸிலும் தெருப் பனிக்குத் தூவிய உப்பும் சேறும். கீழ்ப்படி காய்வதற்குள் மேல்படி அழுக்காகிவிடும். முழங்கால்தான் பேசுகிறது, அதன் பேச்சை நான் கேட்பதில்லை.

மீரிமைத் திட்டாமல் சொல்லிக்கொடு. உனக்கு நான் எப்படிச் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைவிருக்கிறதா? ரொட்டிப் பலகையில் மாவைத் தூவி விரலால் எழுதச் சொல்வேன். தப்பாக எழுதினால் கையால் வழித்து அழித்துவிடலாம். தப்பு இருந்த இடமே தெரியாது. அவளுக்கும் அப்படிச் செய்து பார். அவள் சோம்பினால் நீ முதல் வரியைப் படி, இரண்டாவதை அவளிடம் விடு.

மாத்திரை வாங்கி அனுப்புகிறேன், அப்பாவைச் சாப்பிட வை. "இந்த மருந்தெல்லாம் ஆடு தின்னாத்தான் கேக்கும்" என்பார். விடாதே.

அரிச்சுவடி விழாவுக்கு வந்துவிடுவேன். கவலைப்படாதே.

முத்தங்களுடன்,
அம்மா

•

ஜனவரி 26

அன்புள்ள அம்மாவுக்கு,

மாத்திரை வந்தது. நீ சொன்ன மாதிரியே அப்பா ஆட்டைக் காட்டினார். தேநீரில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மீரிமைப் பற்றி என்ன எழுதுவதென்று தெரியவில்லை. புத்தகத்தின் பாதி வரை நன்றாகத்தான் வந்தாள். மாவில் எழுதினாள், சிரித்தாள், மூக்கெல்லாம் மாவு. அதற்கப்புறம் ஒரு பக்கம்கூட நகரவில்லை. நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று தெரியவில்லை என்கிறாள். இன்று தெரியாதது போன வாரம் தெரிந்திருந்தது. "இது என்ன எழுத்து?" என்று கேட்டால் ஜன்னலைப் பார்க்கிறாள். வகுப்பில் இவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் முன்னால் போய்விட்டார்கள்.

மலையடியில் ஆடு மேய்க்கும் அப்பா பனி அதிகமானதால் ரெண்டு நாள் வீட்டில் இருந்தார். "கொண்டா இப்படி, நான் படிக்க வைக்கிறேன். நீ ரொம்ப மெதுவாப் பேசறே, அதான் அவளுக்குக் கேக்கல" என்றார். மீரிமை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டு மந்தையைக் கூப்பிடும் குரலில் ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தால் அப்பா தூங்கிவிட்டார். மீரிம் அவர்மேல் கோட்டைப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அப்பா பாஸாயிட்டாரு" என்றாள்.

கடையில் ஷாய்ர் அக்கா எல்லோர் முன்னாலும், "இந்தக் கூச்சக்காரி சொல்லிக்கொடுத்தா அதுக்கும் வாய் எப்படி வரும்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் உப்பு வாங்க மறந்து வந்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் மீரிம் ஒரே சொல்லைத் தப்புத்தப்பாகப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். மாடு எதுவும் கேட்கவில்லை. அது நிம்மதியாக இருந்தது.

அம்மா, எனக்கு அலுத்துவிட்டது. வேலை இல்லை, அது எப்படியும் நடக்கும். தினமும் அவள் முகத்தைப் பார்த்து, இன்றைக்காவது வருமா என்று காத்திருப்பதுதான் அலுப்பு. விழாவுக்கு நீ வந்துவிடு. நீ பக்கத்தில் உட்கார்ந்தால் படிப்பாள்.

சைகால்

•

பிப்ரவரி 24

சைகாலுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், கடிதத்தைக் கொண்டுவரும் பெண் வாசலில் நிற்கிறாள்.

விழாவுக்கு வர முடியாது. இப்போது கிளம்பினால் என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். மீரிம் இன்னும் படிக்கவில்லை என்கிறாய். அவளை இந்த நிலையில் விட்டுவிட்டு நீ நாரினுக்கு எப்படிப் போவாய்? இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கொள். நர்ஸ் படிப்பு எங்கேயும் ஓடிவிடாது. உனக்குச் சின்ன வயசு.

கோபப்படாதே. விழாவுக்கு நிறைய மாவு பிசைந்து போர்சோக் பொரித்துக் கொண்டுபோ. யாரும் நம்மைக் குறைவாகப் பேசக்கூடாது.

அம்மா

•

மார்ச் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

போர்சோக் பொரித்தேன். நன்றாக உப்பி வந்தது. யாரும் குறைவாகப் பேசவில்லை, போர்சோக்கைப் பற்றி.

விழாவுக்கு முன்னால் நடந்ததை முதலில் சொல்கிறேன். இந்த வருஷம் பிறந்த குட்டிகளில் ஒன்றைத் தாய் ஆடு சேர்த்துக்கொள்ளவில்லை. குளிர் தாங்காதென்று வீட்டுக்குள் அடுப்புப் பக்கம் கட்டியிருந்தோம். ஒரு மத்தியானம் தண்ணீர் எடுத்துக்கொண்டு வரும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, வழக்கம்போல வாசலிலேயே நின்றேன். மீரிம்தான். குட்டியின் தலையை மடியில் வைத்து அரிச்சுவடியைப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கேயும் திக்கவில்லை. கடைசிப் பக்கம், அம்மா. "இனி நீ எந்தப் புத்தகத்தையும் படிக்கலாம்" என்று முடிகிறதே, அந்தப் பக்கம். படித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். குட்டி அவள் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தது.

நான் வாளியைக் கீழே வைத்த சத்தத்தில் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"எப்போதிலிருந்து தெரியும்?" என்றேன்.

"எனக்குத் தெரியாது. நான் படம் பாத்தேன்."

"மீரிம்."

அவள் குட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பூட்ஸ் நாடா கட்டக் கத்துக்கிட்டேன். அம்மா போயிட்டா. நான் இதைப் படிச்சு முடிச்சா நீ போயிடுவே. நீதான சொன்னே. நான் ஒண்ணும் கத்துக்கமாட்டேன், போ."

ஆசையாகப் படிப்பாள் என்று நான்தான் சொன்னேன். மாதக்கணக்காக நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன், அவளோ என் பக்கத்தில் உட்கார்ந்து மறைத்திருக்கிறாள். என்னைவிட அவளுக்குத்தான் அது அதிக வேலையாக இருந்திருக்கும்.

"நான் எங்கயும் போகல, நீ படி" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. விழாவுக்கு வருகிறேன் என்று நீ எழுதியதை நான் அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். நடக்காத இன்னொன்றையும் அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

விழாவில் ஒவ்வொரு குழந்தையும் முன்னால் வந்து ஒரு பக்கம் படித்தது. படித்து முடித்ததும் அம்மா எழுந்து போய் நெற்றியில் முத்தம் கொடுத்து, புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். மீரிம் முறை வந்தது. புத்தகத்தைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவே இல்லை. "பரவாயில்ல, உக்காரு கண்ணு" என்றார் சைரா டீச்சர். பின்னாலிருந்து யாரோ, "பாவம், தாயில்லாத புள்ள மாதிரி" என்றார்கள். எழுந்து நின்று, "அவளுக்குத் தெரியும்" என்று சொல்ல நினைத்தேன். பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். புத்தகம் அவள் கையிலேயே இருந்தது. யாரும் வாங்கவில்லை.

அம்மா, ஒன்று கேட்கிறேன். நீ இலையுதிர் காலத்துக்குள் வருவாயா, மாட்டாயா? நான் வருத்தப்படுவேன் என்று பார்க்காதே. இருப்பதை எழுது. இல்லை என்றால் இல்லை என்று எழுது.

சைகால்

•

மே 17

என் சைகாலுக்கு,

உன் கடிதத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். மேலேயிருந்து இறங்கி வந்த ஒரு கிழவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

நிறைய எழுதி எழுதிக் கிழித்தேன். நீ கேட்டதற்குப் பதில் இதுதான்: வர முடியாது. இந்த வருஷம் இல்லை. அடுத்த வருஷமும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. வருகிறேன் என்று எழுதும்போதெல்லாம் வந்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். எழுதினால் அன்றைக்குத் தூக்கம் வரும். அவ்வளவுதான்.

பிப்ரவரியில் உன்னைப் பொறுத்துக்கொள் என்றேன். இப்போது அதைச் சொல்லமாட்டேன். உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய். அப்பாவிடம் நானே போனில் பேசிவிட்டேன்.

கீழே இருப்பது மீரிமுக்கு. நீ படித்துக் காட்டாதே. அவள் கையில் கொடு.

அம்மா

மீரிம்.
நீ நாடா கட்டினாய்.
நான் போனது அதனால் இல்லை.
வேலைக்காகப் போனேன்.
நீ எது கற்றாலும் அது தப்பு இல்லை.
குட்டிக்கு என்ன பெயர்?
அம்மா.

•

செப்டம்பர் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

நாரினிலிருந்து எழுதுகிறேன். வறட்டி வாசனை இருக்காது, மன்னித்துக்கொள். அனார் அத்தையின் அறையில் அவள் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே எங்கள் படுக்கை. அத்தை ரொட்டிக் கடை வேலைக்கு விடியற்காலையே போய்விடுகிறாள். "ரெண்டு பேரு வந்து என் குறட்டையையும் சேத்துக் கேளுங்க" என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டாள். நர்ஸ் படிப்பில் என் பெயர் வந்துவிட்டது. மீரிமை இங்கேயே ரெண்டாவது வகுப்பில் சேர்த்தேன்.

மீரிமையும் கூட்டிப்போகவா என்று அப்பாவிடம் கேட்க எனக்கு ஒரு வாரம் தைரியம் வரவில்லை. கடைசியில் அவரே, "அவளையும் கூட்டிட்டுப் போ. எனக்கென்ன, ஆடுங்க என்னைப் பாத்துக்கும்" என்றார். கிளம்பும் அன்று மூட்டையை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் மலைப் பக்கம் போனார். நீ அவருக்கு அடிக்கடி போன் பண்ணு. கடை வாசலில் எவ்வளவு பேர் நின்றாலும் அவர் பேசுவார்.

உன் கடிதத்தை மீரிம் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். திரும்பி வந்து மடித்து அரிச்சுவடிக்குள் வைத்தாள். படித்தாயா என்று நான் கேட்கவில்லை. கோடை முழுவதும் அவளும் சொல்லவில்லை.

வேனில் ஏறும்போது ஷாய்ர் அக்காவும் வேறு நாலைந்து பேரும் நின்றார்கள். மீரிம் முன்கண்ணாடியில் வைத்திருந்த பலகையைப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாரின்" என்றாள். பிறகு கதவில் எழுதியிருந்ததை, "கதவை மெதுவாகச் சாத்தவும்." பிறகு கடைப் பலகை, பிறகு சுவரில் இருந்த ஏதோ விளம்பரம், கண்ணில் பட்டதை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். மைராம்பெக் அண்ணன், "இந்தப் புள்ளைக்கு யாராவது ஒரு சாக்லேட் குடுங்கப்பா, காது வலிக்குது" என்றார். ஷாய்ர் அக்கா வாயைத் திறந்தபடியே நின்றாள். எனக்குச் சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது, தூங்க வேண்டும் போலவும் இருந்தது. ஊர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன்.

இங்கேயும் சனிக்கிழமை டைரியில் கையெழுத்துப் போட வேண்டும். உன் சுழியைப் போடப் பேனாவை எடுத்தேன். மீரிம் எட்டிப் பார்த்து, "அது அம்மா பேரு. நீ சைகால்" என்றாள். அதனால் என் பெயரையே போட்டேன். உனக்கு வருத்தமாக இருக்குமோ என்று யோசித்தேன். இருந்தாலும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

எப்போதாவது நீ வந்தால் ஊருக்குப் போவதற்கு முன்னால் இங்கே இறங்கு. அத்தை வீட்டுக் கதவில் எண் அழிந்திருக்கிறது. ரொட்டிக் கடையில் கேட்டால் சொல்வார்கள்.

குட்டியின் பெயர் பொத்தான். இதை மீரிம் எழுதச் சொன்னாள். நீயே எழுது என்றேன். அடுத்த கடிதத்தில் எழுதுகிறாளாம்.

சைகால்