மெதுவாகப் பாட வேண்டிய மெட்டு

அண்ணே,

துவைக்கப் போட இருந்த சட்டையின் பையில் நான்காக மடித்த தாள் அகப்பட்டது. நேற்று உங்கள் நினைவுக் கூட்டத்துக்குப் போட்டுப் போன சட்டை. தாளில் எட்டு வரிகள். நீங்கள் கேட்டு முப்பது வருடம் கழித்து, நீங்கள் போன பிறகு எழுதி முடித்தவை.

வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு மனம் அடங்கும். நீங்கள் ஆர்மோனியத்தில் மெட்டுப் போட்டு, வெறும் தன்னானேயாகப் பாடிக் காட்டுவீர்கள். நான் அசை எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டு போய் வார்த்தை எழுதி வருவேன். நம் சிரிப்பு நாடகங்கள் ஏழும் அப்படித்தான் பிறந்தன. மதுரையே சிரித்தது. நீங்கள்தான், "எம்புட்டு நாளைக்குப்பா சிரிக்க வச்சுக்கிட்டே இருக்குறது?" என்று அலுத்துக்கொள்வீர்கள்.

ஒரு நாள் பாலத்தில் நின்று வறண்ட வைகையைப் பார்த்துவிட்டு வந்து ஒரு மெட்டு வாசித்தீர்கள். அவ்வளவு மெதுவான மெட்டை உங்களிடம் நான் கேட்டதே இல்லை. "இதுக்கு ஆத்தப் பத்தி எழுது. சிரிப்பு வேணாம்" என்றீர்கள். அடுத்த நாடகத்தில் அதைப் பாடிவிட வேண்டும் என்று உங்களுக்கு ஆசை.

எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். இந்த மெட்டுக்கு நான் தகுவேனா என்ற பயம். நாடகத்துக்கு இரண்டு நாள் இருக்கையிலும், "இன்னும் ஒரே ஒரு நாள், அண்ணே" என்று நின்றேன். நீங்கள் திட்டியிருக்கலாம். "சரி விடு. நாடகத்துல பஸ் மாறி ஏறுன மாப்பிள்ளைக்குப் பாட்டு வேணும்ல, அத எழுது" என்று அதே மெட்டை நாலு மடங்கு வேகத்தில் வாசித்தீர்கள்.

திருமங்கலத்தில் தாலி கட்ட வேண்டியவன் மேலூர் பஸ்ஸில் உட்கார்ந்து புலம்பும் அந்தப் பாட்டை அரை மணியில் எழுதிக் கொடுத்தேன். அதற்கு மட்டும் எனக்குப் பயமே வரவில்லை. என் மேல் எனக்குள்ள ஆத்திரமெல்லாம் அதில்தான்.

அந்தப் பாட்டே உங்கள் பெயராகிவிட்டது. அது ஆற்றுக்குப் போட்ட மெட்டு என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். நேற்று கூட்டம் நடத்தியவரிடம் தாளை நீட்டி, "தம்பி, அவரு மெட்டுதான். கொஞ்சம் மெதுவா..." என்று ஆரம்பித்தேன்.

"அட போங்கய்யா, எல்லாரையும் அழுக வச்சுப்புடாதீங்க. சனம் பஸ் பாட்டத்தான் கேக்குது."

ஒரு தடவை வற்புறுத்தியிருக்கலாம். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். எல்லோரும் கை தட்டிப் பாடினார்கள். நானும் தட்டினேன், அண்ணே.

இன்று காலை கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பாடிப் பார்த்தேன். சுருதி நிற்கவில்லை. ஆறாவது வரியில் ஒரு சொல் இடிக்கிறது. வழக்கம்போல் கை பேனாவுக்குப் போனது. மூடி வைத்துவிட்டேன். இனி ஒரு எழுத்தும் மாற்றுவதாக இல்லை.

தாள் இப்போது வேறு சட்டையின் பையில் இருக்கிறது. யாராவது கேட்டால் எடுத்துக் கொடுக்க. யாரும் கேட்காவிட்டால், நானே பாட.