பஞ்சுவுக்கு மாத்திரையும் உண்டு

ஜெசிந்தா,

நைட் டியூட்டி முடிந்து அசந்து தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. பஞ்சுவை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தேன். ஹோமியோபதி உருண்டையே போதும் என்று உனக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்தியிருந்தேன். அதனால்தான் வாந்தியும் பேதியும் திரும்பியிருக்கிறது. நீ போட்ட மீன்தான் காரணம் என்று நேற்று உன்மேல் கத்தினேனே!

"உருண்டையும் குடுங்க சார், வேணாங்கல. மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது? வயசான பூனை, தாங்குமா?" என்றார் டாக்டர்.

மத்தியானம் மாத்திரையைப் பொடித்து, வேகவைத்த கோழியில் கலந்து கொடு. மசித்த பரங்கிக்காய் கொஞ்சம் சேர்க்கலாமாம். பால் வேண்டாம்.

சாயங்காலம் வந்து நேரிலேயே மன்னிப்புக் கேட்கிறேன்.

எட்வின்

பி.கு.: திரும்பி லிங்கராஜபுரம் வீட்டுக்கு வரும்வரை ஆட்டோவில் பஞ்சு என் விரலை நக்கிக்கொண்டே வந்தது. மாத்திரை கொடுக்காத கை இதுதான் என்று அதற்குத் தெரியவில்லை, ஜெசி.