நிற்பதற்கும் புள்ளி

இந்த மடலில் எழுத நினைத்திருப்பவை:

1. இன்று காலை சேணப் பெட்டியைத் திறந்தது.
2. நீர் கேட்ட கேள்வியும், அதைப் பிடித்துக்கொண்டு நான் எழுதிய முன்மொழிவும்.
3. குழுக் கூட்டம்.
4. பவளம் இனி யாரிடம் இருக்கப்போகிறாள் என்பது.

மனைவிக்கு எழுதும் கடிதத்துக்கும் உள்ளடக்கமா என்று சிரிப்பீர். சிரியும். வரிசை போடாமல் தொடங்கினால் எங்கே போய் நிற்பேன் என்று எனக்கே தெரியாது. போட்டாலும் அதன்படி போவேன் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

சேணத்தைத் துடைத்து வைப்பதற்காகப் பெட்டியின் அடித்தட்டைத் தூக்கினேன். தோல் சவர்க்கார வாசனைக்குக் கீழேயிருந்து தேங்காய் எண்ணெய் மணத்தது. மூலையில் உம்முடைய சின்னப் போத்தல், மூடி சரியாக இறுகாமல். சேணத்துத் தோல் வாருக்குத் தேங்காய் எண்ணெய் பூசக் கூடாது என்று புத்தகத்தைத் திறந்து உமக்கு வாசித்துக் காட்டியவன் நான். "புத்தகம் எழுதினவர் மன்னார் வெயிலைக் கண்டவரோ?" என்று கேட்டுவிட்டு இன்னும் ஒரு கை எடுத்துப் பூசினீர். அந்த வார்கள் இன்றைக்கும் வெடிக்கவில்லை. புத்தகத்தில் இருப்பதும் பிழையில்லை என்றே இன்னமும் நினைக்கிறேன், ஆனால் முன்பிருந்த உறுதி இல்லை.

முதியோர் இல்லத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எல்லாரும் யாத்திரை போவார்கள், பேரப்பிள்ளை பார்ப்பார்கள். நீர் என் இடுப்பளவு உயரத்தில் ஒரு செந்நிறக் குதிரையை வாங்கிக்கொண்டு வந்து பவளம் என்று பெயர் வைத்தீர். வளர்ந்தாலும் அவ்வளவுதான் உயரம் என்று நீர் சொன்னபோது நான் நம்பவில்லை. டண்டினொங் புறநகரைத் தாண்டி ஒரு மேய்ச்சல் நிலத்தை வாடகைக்கு எடுத்தோம். இரண்டு சில்லு வண்டியில் அவளைப் பூட்டி, பழைய வேலையிடத்துக்கே ஓட்டிக்கொண்டு போவீர். கதிரையில் இருக்கும் கிழவிகள் ஒவ்வொருவராக அவள் மூக்கைத் தடவி முடியும் வரைக்கும் பவளம் அசையாமல் நிற்பாள். ஒரு அம்மாவுக்குத் தடவி முடியவே முடியாது. அப்போதும் நிற்பாள்.

குதிரைவண்டிப் போட்டிகளில் என் வேலை சின்னது. வண்டிகள் எல்லாம் சுற்றி முடித்து வரிசையில் வந்த பிறகு உள்ளே போய் அவள் தலைக்கு முன்னால் நிற்க வேண்டும். ஓட்டுகிறவர் நீர், நிற்கிறவன் நான். அந்தப் பங்கீடு எனக்குப் பிடித்திருந்தது. முழங்காலை நெஞ்சு வரைக்கும் தூக்கி ஓடும் குதிரைகளுக்கு ரிப்பன் போகும். எங்களுக்குக் கைதட்டல் மட்டும் வரும். கடைசியாகப் போன போட்டியில் திரும்பி வரும்போது காருக்குள் சொன்னீர்:

"இஞ்சாருங்கோ, இவளுக்குக் காலைத் தூக்கத் தெரியாது. நிக்கத் தெரியும். நிக்கிறதுக்குப் புள்ளி இல்லையோ?"

"அப்பிடி ஒரு பிரிவு இல்லையப்பா."

"இல்லையெண்டால் கேக்கிறது. ஆர் கேக்கிறது? நீங்கள்தான் படிச்ச மனிசன். எழுதிக் குடுங்கோ."

எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை. போட்டி நடத்தும் குழுவில் எல்லாரும் குதிரையோடு பிறந்து வளர்ந்தவர்கள், நான் பாலங்களுக்கு வரைபடம் கீறி ஓய்வு பெற்றவன், எனக்கென்ன தெரியும் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் நீர் போய்விட்டீர்.

ஒரு மாதம் கழித்து மகள் டூங்கபியில் தன் வீட்டிலிருந்து தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, தனிய இருந்து குதிரைச் சாணி அள்ளிக்கொண்டிருக்கப் போறீங்களோ? இஞ்ச வாங்கோ. உங்கட ரூம் ரெடி."

"பவளம்?"

"அவவுக்கு ஒரு நல்ல ஃபமிலி பாப்பம். ஷோவுக்கும் போறேல்லை. சும்மா புல்லுத் தின்ன ஒரு குதிரையோ? பிராக்டிக்கலா யோசியுங்கோ."

எனக்கு உடனே பதில் சொல்ல வராது என்பது உமக்குத் தெரியும். அன்றைக்கு வந்தது. "அவளுக்கு ஏத்த ஒரு பிரிவு வந்தால் வைச்சிருக்கிறன். வராட்டி நீ சொல்லுறபடி வாறன்" என்றேன். "ஓகே, டீல்" என்று உடனே வைத்துவிட்டாள். அப்படி ஒன்று வராது என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு உட்கார்ந்து எழுதினேன். புதிய பிரிவுக்கு, தமிழில் சொன்னால் 'ஊர்வண்டி' என்று வரும் ஒரு பெயர் வைத்தேன். குதிரை அமைதியாக நடக்க வேண்டும். குறுகிய வழியில் இடிக்காமல் போக வேண்டும். வண்டியோடு பின்னுக்கு வர வேண்டும். தலைக்கு முன்னால் ஒருவரும் இல்லாமல் ஒரு மேசையருகே நிற்க, ஓட்டுகிறவர் இருந்த இடத்திலிருந்தே ஒரு கூடையை எடுத்து மடியில் வைக்க வேண்டும். அதிகப் புள்ளி நிற்பதற்கு. இப்படி ஐந்து விதிகள். ஆறாவதாக, குதிரைக்குச் சொல்லும் கட்டளைகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்க வேண்டும் என்று எழுதினேன்.

அதற்கு இரண்டு காரணம் வைத்திருந்தேன். என்ன கட்டளை கொடுக்கப்பட்டது என்று நடுவருக்கு விளங்க வேண்டும் என்பது ஒன்று. அதை முன்மொழிவில் போட்டேன். மற்றது, நீர் பவளத்தோடு தமிழில் பேசிக்கொண்டு சுற்றிய ஒரு நாள் வேலியோரம் நின்ற இருவர் சிரித்தது எனக்குக் கேட்டது. எங்களுடைய குதிரைக்காகவே ஒரு பிரிவு கேட்கிறேன் என்று ஒருவரும் நினைக்கக் கூடாது. இதை எழுதவில்லை.

கூட்டம் நடந்த மண்டபத்தில் தலைவி மார்கரெட் என்னை எழுந்து வாசிக்கச் சொன்னார். முதல் பக்கம் முழுக்கத் தாளைவிட்டுக் கண் எடுக்காமல் வாசித்தேன். அங்கே பேசியது ஆங்கிலத்தில்தான், எனக்கு நினைவில் நிற்பது தமிழில். கொலின் என்ற பெரிய பண்ணைக்காரர் கதிரையில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "நிற்கிற குதிரையைப் பார்க்க யார் காசு கொடுத்து வருவார்கள்? அதற்கு என்னுடைய தோட்டத்துச் சிலையைக் கொண்டு வரலாமே."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அது நல்ல பகிடி. பிறகு, "உங்களுடைய சிலையை வண்டியில் பூட்டிப் பின்னுக்கு வரச் சொல்லுங்கள், நானே பணம் கொடுத்துப் பார்க்கிறேன்" என்றேன். அது என் வாயிலிருந்துதான் வந்ததா என்று திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. நீர் கேட்ட கேள்வியை அப்படியே அவர்களிடம் கேட்டேன். முதியோர் இல்லத்தில் அவள் நிற்பதைச் சொன்னேன். ஓடத் தெரிந்த குதிரைக்கு ஐந்து பிரிவு வைத்திருக்கிறோம், நம்பி ஏறக்கூடிய குதிரைக்கு ஒன்றும் இல்லையே என்றேன். மார்கரெட் பேனாவை மேசையில் தட்டி, அடுத்த போட்டியில் ஒருமுறை நடத்திப் பார்ப்போம், நான்கு வண்டியாவது வந்து நடுவரால் தரம் பிரிக்க முடிந்தால் நிரந்தரமாக்குவோம் என்றார்.

ஆக, ஓட்ட வேண்டியது நான். மேய்ச்சல் நிலத்தில் பழகினேன். நில் என்பதற்கு இங்கே குதிரைக்காரர் சொல்லும் 'வோ'வைச் சொன்னால் பவளம் நின்றாள். நேரே முன்னால் வேலி இருந்தது, நிற்பதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

போன சனிக்கிழமை ஆறு வண்டி வந்தது. ஸ்பிரிங்வேல் கடையில் அவளுக்குக் கரட் வாங்கி ஊட்டி, உம்முடைய இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். நடந்தாள். குறுகிய வழியில் ஒரு கம்பத்தையும் தொடவில்லை. பின்னுக்கு வரச் சொல்லிக் கடிவாள வாரை மெல்ல இழுக்க, வந்தாள். மேசை வந்தது. "வோ" என்றேன். நடந்துகொண்டே இருந்தாள். இன்னொருமுறை கொஞ்சம் உரத்துச் சொன்னேன். காதைப் பின்னுக்கு மடித்து, வாயிலைப் பார்த்து இழுத்தாள். வாரை இறுக்கினேன், தலையை உதறினாள். மேசை பின்னால் போய்க்கொண்டிருந்தது. அப்போது எனக்குள்ளிருந்து வந்தது:

"நில்லடி பிள்ளை. எங்கையடி ஓடுறாய்?"

நின்றாள். சொல் மட்டும் இல்லை, நீர் அதட்டும் அந்த இழுவையும் அப்படியே வந்திருந்தது. இரண்டடி பின்னுக்கு வரவைத்துக் கூடையை எடுத்து மடியில் வைத்தேன். ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. இன்னும் ஏதும் சொல்லுவேனோ என்று கேட்டுக்கொண்டு நின்றாள் என்று நினைக்கிறேன்.

சுற்று முடிந்ததும் கை உயர்த்தி நடுவரை அழைத்தேன். ஆறாவது விதியை மீறிவிட்டேன், என்னை விலக்க வேண்டும் என்றேன். அவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த விதியை எழுதியது யார்?" என்றார். நான்தான் என்றேன். விலக்கினார். முதல் ரிப்பன் ஒரு வெள்ளைக் கிழக்குதிரைக்குப் போனது. மற்றவர்களைத் தரம் பிரிக்க ஒரு சிரமமும் இருக்கவில்லை என்று நடுவர் எழுதிக் கொடுக்க, அன்றைக்கே பிரிவை நிரந்தரமாக்கினார்கள். கொலின் என்னிடம் வந்து, தன்னிடமும் நிற்கத் தெரிந்த ஒன்று இருக்கிறது, அடுத்த முறை கொண்டு வரலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

மகளிடம் சொன்னேன். ஒரே சிரிப்பு. "அப்பா, நீங்கள் எழுதின ரூலிலயே நீங்கள் அவுட்டோ? அம்மா கேட்டிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. சரி, டீல் எண்டால் டீல். அவ இருக்கட்டும். கிறிஸ்மஸுக்காவது இஞ்சால வாங்கோ." போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நான்காவதும் சொல்லியாயிற்று. பவளம் என்னிடம்தான். உம்முடைய அதட்டலும் என்னிடம் இருக்கிறது, இத்தனை காலம் இருந்தது எனக்குத் தெரியாது. இப்போது காலையில் கேற்றைத் திறக்கும்போது அவளுக்குக் கேட்கட்டும் என்று வேண்டுமென்றே உரத்துப் பேசுகிறேன். பக்கத்து நிலத்துக்காரர் எட்டிப் பார்க்கிறார், பார்க்கட்டும்.

வருகிற கூட்டத்தில் ஒரு வரியை நீக்கச் சொல்லி நானே எழுந்து கேட்கப் போகிறேன். நடுவருக்கு விளங்க வேண்டியது கட்டளை அல்ல, குதிரை நிற்கிறதா என்பதுதான். எழுதிய காரணமும் பிழை, எழுதாத காரணம் அதைவிடப் பிழை. ஆறாவது விதியை நான் எழுதியிருக்கவே கூடாது. இதைச் சொல்ல எனக்குக் குறிப்புத் தாள் வேண்டாம்.