நான் உட்காரும் சீட்டுக்கு ஒரு பெல்ட்

பழைய கார் சங்கத் தலைவர் அவர்களுக்கு,

சோறு மேசையில் மூடியிருக்கிறது. ஆறிப்போனால் நான் பொறுப்பில்லை.

காலையில் குடை தேடி ஷெட்டுக்குப் போனேன். உங்கள் காரில் நான் உட்காரும் சீட்டுக்குப் புத்தம்புது பெல்ட். குடையை மறந்து, அதை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

போன மாதம் நீங்கள் போட்ட திடீர் பிரேக்கில் என் நெற்றி டாஷ்போர்டில் மோதியபோது, முதலில் டாஷ்போர்டைத் தடவிப் பார்த்த மனிதர் நீங்கள். பெல்ட் கேட்டதற்கு, “உலகத்துலயே இது மாதிரி ஏழு வண்டிதான் இருக்கு, ஓட்டை போட மாட்டேன்” என்றீர்கள். “பொண்டாட்டி ஒருத்திதான் இருக்கா” என்றேன். அன்றிலிருந்து நான் ஏறவில்லை. நீங்களோ சங்கத்தில், ஒரு திருகாணியைக்கூட மாற்றக் கூடாது என்று முக்கால் மணி நேரம் முழங்கினீர்கள்.

அந்தக் கையா மூன்று ஓட்டை போட்டது? துளைத்த இரும்புத் தூளை மாத்திரை டப்பாவில் போட்டு, ‘ஒரிஜினல் தகடு’ என்று தேதியோடு எழுதி வேறு வைத்திருக்கிறீர்கள். எனக்குச் சிரிக்கவும் வரவில்லை, திட்டவும் வரவில்லை.

நான்கு மணிக்கு, எதுவும் மாறாத வண்டி என்று சான்றிதழ் தர நடுவர்கள் வருகிறார்கள். ஓட்டையைப் பார்த்தால் சான்றிதழும் போகும், தலைவர் பதவியும் ஆடும். கழற்றி மறைப்பதோ காட்டுவதோ உங்கள் பாடு. டீக்குக் கப் கழுவி வைத்திருக்கிறேன்.

இடமில்லாததால் ஓரத்தில் எழுதுகிறேன்: ஓட்டுகிற சீட்டுக்கு ஏன் பெல்ட் இல்லை? அங்கேயும் ஓட்டை போட்டால்தான் ஏறுவேன். நான் மட்டும் பிழைத்துக்கொண்டு இந்தக் காரை வைத்து என்ன செய்ய?